அடிக்குறிப்பு

அவர் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் புரட்டிக் கொடுத்தாள்.

இறுதி மெய்ப்பு. ஆசிரியர் ஒவ்வொரு தாளிலும் ஒப்பமிட்ட பிறகுதான் இந்தப் பதிப்பகத்தில் அச்சேறும். அவள் இங்கே மெய்ப்புத் திருத்துகிறாள்.

ஆறு வருடங்களுக்கு முன் அவரிடம் ஆய்வு மாணவி. ‘இதில் ஆய்வே இல்லை’ என்றார். அவளுடைய ஆய்வேட்டைத் திருப்பித் தரவில்லை. பட்டமும் இல்லை.

சொற்களின் பிறப்பைத் தேடிய அந்த ஆய்வேடு இப்போது அவர் பெயரில் புத்தகம்.

“நம்ம பொண்ணு ஒரு தடவ பிழை பாத்துட்டா எனக்குக் கவலையே இல்லம்மா,” என்றார் அவர்.

இஞ்சி அத்தியாயம் வந்தது.

அவளுடைய வாக்கியங்கள், வரிசைகூட மாறாமல். ஆங்கிலத்தில் ஜிஞ்சர். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் லத்தீன். இன்னும் நடந்தால் கிரேக்கம், ஜிங்கிபெரிஸ். அதற்கும் முன்னால் பாலியில் சிங்கிவேர. அதற்கும் முன்னால், தெற்கே, ஒரு சொல்.

சிங்கிவேர்.

இஞ்சியின் பழைய வடிவம், கூடவே வேர்.

அந்தச் சொல்லை யாரும் கண்டதில்லை. ஓலையில் இல்லை, கல்லில் இல்லை. மற்ற மொழிகளில் மிஞ்சியதை வைத்து, இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தது. ஊகம் என்பதற்கு அடையாளமாகச் சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைப்பார்கள். மொழியியலில் அது முதல் வாரப் பாடம்.

அவள் வைத்திருந்தாள்.

அவர் இலக்கியக்காரர். நட்சத்திரத்தைப் பார்த்ததும் அடிக்குறிப்பைத் தேடியிருக்கிறார். பக்கத்தின் கீழே எதுவும் இல்லை. மாணவி விட்டுவிட்டாள் என்று நினைத்து, குறியைச் சொல்லுக்குப் பின்னால் நகர்த்தி, தானே எழுதியிருக்கிறார்.

‘இச்சொல் பழங்கல்வெட்டு ஒன்றில் காணப்படுகிறது.’

அத்தியாயத்தில் அவர் சொந்தமாக எழுதியது அந்த ஒரு வரிதான்.

அடுத்த மாதம் மொழியியல் கருத்தரங்கில் வெளியீடு. எந்தக் கல்வெட்டு என்று அரங்கமே கேட்கும்.

ஐயமிருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி இட வேண்டும். அதுதான் அவள் வேலை. பென்சில் கையில்தான் இருந்தது.

தாளைப் புரட்டாமல் நின்றாள்.

“என்னம்மா, பிழை ஏதாச்சும் இருக்கா?”

“இல்ல சார். அந்தக் கல்வெட்ட நீங்களே நேர்ல பாத்தீங்களா?”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். சிரித்தார்.

“பாக்காம எழுதுவனா?”

கையெழுத்துப் போட்டார். மற்றத் தாள்களில் போட்டதைவிடச் சற்றுப் பெரிதாக.

மை ஈரமாக இருந்தது.

அவள் குனிந்து, அவசரமே இல்லாமல், அது காயும்வரை ஊதினாள்.