பத்து மணிச் சாப்பாடு

“ஏம்மா, வயசான மனுஷனைப் பத்து மணி வரைக்கும் பட்டினி போட்டா அவருக்கு எப்படித் தூக்கம் வரும்?”

டாக்டர் எடுத்த எடுப்பிலேயே எரிந்து விழுந்தார்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து நாற்காலியில் மாமனார். இருவருக்கும் ஒரே வியாதி. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், விடிய விடியப் புரண்டு படுப்பது.

“அவளைத் திட்டாதீங்க டாக்டர். பையன் வெளியூர்ல இருக்கான். வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். துணிக்கடையில வேலை முடிஞ்சு அவ வரவே பத்தாயிடும். அவ வந்தாத்தான் நான் சாப்பிடுவேன்.”

“நேத்து தூக்கக் கலக்கத்துல அளவு தப்பி ஒரு நல்ல துணியை வெட்டித் தொலைச்சிட்டேன் டாக்டர். இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலைக்கு வராதேன்னு முதலாளி சொல்லிட்டார்.” மருமகள் நாற்காலி நுனிக்கு வந்தாள். “ஏதாவது தூக்க மாத்திரை...”

“மாத்திரையெல்லாம் அப்புறம். முதல்ல நர்ஸ்கிட்ட போய் பிரஷர் பாத்துட்டு வா.”

அவள் போனதுதான் தாமதம், பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உண்மையைச் சொல்லிடறேன் டாக்டர். நான் ஏழு மணிக்கே வயிறு முட்டச் சாப்பிட்டுடுவேன்.”

“அப்ப பத்து மணிக்கு?”

“திரும்பவும் சாப்பிடுவேன். நாள் பூரா கால் கடுக்க நின்னுட்டு வர்ற பொண்ணு. தனியா சாப்பிடச் சொன்னா தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துடுவா. நான் பசியோட இருக்கேன்னாத்தான் தட்டையே எடுப்பா. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

பெரியவர் பிரஷர் பார்க்கப் போனார். உள்ளே வந்த மருமகள் கதவை நன்றாகச் சாத்தினாள்.

“டாக்டர், எங்களுக்குக் கடையிலயே ஏழரைக்குச் சாப்பாடு போட்டுடுவாங்க. சாப்பிட்டுட்டேன்னு சொன்னா, மாமா வெறும் வயித்தோட படுத்துடுவார். அதான் வந்து இன்னொரு தடவை... மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.”

டாக்டர் மேஜைக்குக் கீழே ஒரு நெஞ்செரிச்சல் மாத்திரையை உரித்துத் தம் வாயில் போட்டுக்கொண்டார். ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பிறகு இருவரையும் எதிரே உட்காரவைத்தார்.

“ரெண்டு பேருமே சொல்லாதேன்னு சொன்னீங்க. நான் ரகசியத்தைக் காப்பாத்தினா உங்க வயித்தைக் காப்பாத்த முடியாது. அதனால சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டார்.

தேள் கொட்டிய திருடர்கள் மாதிரி இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். முதலில் சிரித்தது பெரியவர்தான். மருமகளுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

“தூக்க மாத்திரை வேண்டாம். பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர். உக்காந்து நல்லாப் பேசுங்க. சோறு கிடையாது. அடுத்த ஆள் வரலாம்!”

அன்று ராத்திரி எட்டு மணிக்கு, வழக்கம்போல் கிளினிக்கிலேயே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார் டாக்டர். “ஒரே வீட்டுக்குள்ள இப்படியா ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்குவாங்க!” என்று நர்ஸிடம் அங்கலாய்த்தார். கடைசி நோயாளியையும் அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மனைவி இரண்டு தட்டுகளை வைத்துக் காத்திருந்தாள்.

“கை கழுவிட்டு வாங்க. பசி உயிர் போகுது.”

வழக்கம்போல் மறுபேச்சுப் பேசாமல் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில் அவள் மூக்குக்கண்ணாடி. அதற்கு அடியில் பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை. அவர் சட்டைப் பையில் இருக்கிற அதே நெஞ்செரிச்சல் மாத்திரை.

“நீ எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?” என்று கேட்டார் டாக்டர்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஏழு மணிக்கு,” என்றாள் மனைவி. “நீங்க?”