பக்கம் மாற்றாத கசெற்

இத்தாலியில், பலெர்மோவில் வீட்டுவேலை செய்யும் றோசமலருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. அறைக்கு வந்து, கணவன் கிறிகோரி கொரியாவிலிருந்து அனுப்பிய கசெற்றைப் போட்டாள். அவர்கள் கடிதம் எழுதுவதில்லை. ஒரு பக்கத்தில் அவன் பேசி அனுப்புவான், மறுபக்கத்தில் அவள்.

"இந்தப் புச்சோன் சியோலுக்குப் பக்கத்து ஊர். காலமை எல்லாரும் சியோலுக்கு வேலைக்குப் போயிடுவினம். எனக்கு இரவு வேலை. பகலிலை ஊரிலை நான் மட்டும்தான்."

கேட்டு முடித்து, கசெற்றை முதலுக்குச் சுற்றிப் பதில் பேசினாள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும், அவன் மறுமொழி சொல்வதற்கென்று கொஞ்ச நேரம் சும்மா இருப்பது அவள் வழக்கம். பேசி முடித்த பிறகுதான் பார்த்தாள்: பக்கத்தை மாற்றவில்லை. அவன் குரல் முழுவதும் அழிந்திருக்கும்.

திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"சாப்பிட்டியளே?" என்றது அவள் குரல்.

அவள் விட்ட இடைவெளியில் கிறிகோரி சொன்னான்: "இன்னும் இல்லை. எல்லாரும் சியோலாலை திரும்பி வந்திட்டினம். நீதான் இன்னும் வரேல்லை."

"இந்தா, வந்திட்டன்," என்றது அவள் குரல்.

அதை அவள் பேசியிருக்கவில்லை.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு தட்டுகள் வைக்கும் சத்தம். கசெற் முடியும்வரை இருவரும் சாப்பிட்டபடி கதைத்துக்கொண்டிருந்தார்கள். பலெர்மோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.