வடக்குக் கழி திறந்த நாள்

ஐந்து வருடமாக நான் முகம் பார்க்காதவனோடு ஒரே படகில் ஏறச் சொன்னார் வனக் காவலர் அம்மா.

"மீனவர் குழுத் தலைவர் இல்லாம கழியை மறிச்ச கயிறை அவிழ்க்க முடியாதுங்க. காப்பகத்தோட விதி."

குழுத் தலைவர் வேறு யாருமில்லை, என் தங்கை புருஷன்.

அவன் படகின் முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால் துடுப்போடு. நடுவில் காவலர் அம்மா, மடியில் அளவுகோலும் நோட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் இரண்டு உப்பங்கழி. வடக்கில் நாங்கள் வலை வீசுவோம். தெற்கு அவன் குடும்பத்துக்கு. இரண்டிலும் மீன் குறைந்துகொண்டே வந்தது. கழிகளை வனத்துறைக் காப்பகம் ஆக்கியபோது அதிகாரிகள் யாரையும் விரட்டவில்லை. "ஒரு கழியை அஞ்சு வருஷம் மூடுங்க. அப்புறம் அதைத் திறந்துட்டு அடுத்ததை மூடுங்க" என்றார்கள்.

எதை முதலில் மூடுவது? 'என் பக்கம் வேண்டாம்' என்று இரண்டு குடும்பமும் அடித்துக்கொண்டோம். கடைசியில் சீட்டுப் போட்டார்கள்.

எழுதியவன் அவன். எடுத்தவன் நான். 'வடக்கு' என்று வந்தது.

"அந்த இன்னொரு சீட்டைக் காட்டு" என்றேன்.

வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டான். ஊரே பார்த்தது.

இரண்டிலும் 'வடக்கு' என்று எழுதியிருக்கிறான் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். அன்றோடு பேச்சை அறுத்தேன். ஐந்து வருடம் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கினேன். இடுப்பு போய்விட்டது. அவனோ தினமும் விடிந்ததும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசல் வழியாகவே போவான்.

இன்று கழியில் மீன் இருந்தால் நான் மறுபடியும் மீன்காரன். இல்லாவிட்டால் சாகும்வரை மூட்டைதான்.

"கொஞ்சம் இடப்பக்கமா ஓட்டச் சொல்லுங்க. வேர் தட்டும்" என்றான் அவன், காவலர் அம்மாவிடம்.

"அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு இந்தக் கழி தெரியும்னு சொல்லுங்க."

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்றார் அந்த அம்மா.

கழியின் வாயை மறித்திருந்த கயிற்றை அவன் அவிழ்த்தான். உள்ளே போனோம்.

அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. நான் விட்டுப்போனபோது இடுப்பளவுதான் இருந்தன. படகு நுழைந்ததும் மரங்களிலிருந்து வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள் எழுந்தன. எழுந்துகொண்டே இருந்தன. வானம் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

பிறகு தண்ணீர் நகர்ந்தது.

காற்று இல்லை. அலை இல்லை. ஆனாலும் கரையிலிருந்து கரைவரை தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கியது. உற்றுப் பார்த்தேன். மடவை மீன்கள். முதுகோடு முதுகு உரச, நடுவில் விரல் நுழைய இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. துடுப்பை இறக்கினேன். கீழே போகாமல் மீன்மேல் முட்டி நின்றது.

"எங்க காலத்துல துடுப்பு முட்டும்டா" என்று அப்பா சொல்வார். குடித்துவிட்டு உளறுகிறார் என்று நினைத்திருந்தேன்.

வலை கையிலேயே இருந்தது. வீசத் தோன்றவில்லை. கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"வீசுங்க" என்றார் காவலர் அம்மா மெல்ல. "அளவா எடுக்கத்தானே இத்தனை வருஷம் மூடினது."

ஒரே வீச்சு. இழுக்க முடியாமல் இழுத்தேன். அளவுகோலைவிடச் சின்னதையெல்லாம் திரும்ப விட்டோம். பெரியதிலேயே நான்கு கூடை நிறைந்தது.

"இன்னிக்கு இவ்வளவுதான்" என்று நோட்டை மூடினார் அந்த அம்மா.

கூடை நிறைந்ததும் எனக்கு வாய் நீண்டது.

"நாளையிலேருந்து தெற்குக் கழியை மூடுறாங்களே. இனி அங்க மீனெல்லாம் நிம்மதியாத் தூங்கும்னு அவருகிட்டச் சொல்லுங்க."

"எந்த மீனு?" என்றார் காவலர் அம்மா. "தெற்குல மூணு வருஷமா ஒண்ணும் இல்லியே."

"தினமும் வலையோட போறாரே?"

"வலையை எங்க ஆபீஸ்ல வச்சிட்டு ஐஸ் கம்பெனிக்குல்ல போறாரு, பாளம் தூக்க. உங்களுக்குத் தெரியாதா?"

"அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றான் அவன்.

"இதுல என்ன ரகசியம்? சீட்டுக்கு முன்னாடி நீங்கள்லாம் சண்டைதான் போட்டீங்க. இவரு ஒருத்தர்தான் வந்து விவரம் கேட்டாரு. முதல்ல மூடுற கழி கண்டிப்பாப் பொழைச்சிக்கும், மத்தது அஞ்சு வருஷம் தாங்குமாங்கிறது சந்தேகம்னு சொன்னேன்."

துடுப்பை நிறுத்தினேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நேராக அவனைப் பார்த்துக் கேட்டேன்.

"தெரிஞ்சேதான் ரெண்டுலயும் வடக்குன்னு எழுதினியா?"

"உங்களுக்கு மூணு பிள்ளைங்க. நாங்க ரெண்டே பேர்."

"அதை அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை?"

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்.

"சொல்லியிருந்தா, தங்கச்சி நல்லா இருக்கட்டும்னு எங்களுக்கு விட்டுக்கொடுத்துட்டு, செத்துப்போற கழியை நீங்க எடுத்துக்கிட்டிருப்பீங்க, மச்சான்."

நான் எடுத்திருக்க மாட்டேன்.