கிணற்றடியில் நிற்பவள்

ஜெயங்கொண்டம் கொட்டகையில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்களும் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குள் சரக்கு பண்ருட்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

"கூலி பத்தலையா?" என்றார் முதலாளி காசிநாதன்.

"கூலியப் பத்தி யாரு பேசினா?" என்றாள் கொளஞ்சியம்மாள். "அந்தப் பொண்ணு கைப்புள்ளையோட கெணத்தடியில நிக்கிறா. அவ என்ன ஆனான்னு தெரியாம எங்களுக்கு வேல ஓடாது."

லாரி டிரைவர் தமிழழகன் வாசலிலிருந்து உள்ளே ஓடி வந்தான்.

"என்ன சார் கல்லு மாதிரி நிக்கிறீங்க? எந்த ஊர்க் கெணறு? நான் வண்டிய எடுக்குறேன்."

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் காசிநாதன் மெதுவாக.

கொளஞ்சியம்மாள் எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேலை கெடுகிறது என்று நேற்று கொளஞ்சியம்மாளிடம் பறித்த செல்போனைக் காசிநாதன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"அந்தக் காலத்து நாவல இதுல ஓசியில படிச்சுக் காட்டுறாங்களே, அதுல என்னதான் இருக்குன்னு வீட்டுல வச்சுப் பார்த்தேன். முழுசும் கேட்டுட்டேன். அவ புருஷன் வந்து..."

"சொல்லாதீங்க." முந்திரி எண்ணெய் படிந்த கையால் காதைப் பொத்த முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்த ஆணியில மாட்டி, விட்ட எடத்துலேருந்து போடுங்க."

கட்டைகள் மறுபடி தட்டத் தொடங்கின. தமிழழகன் போய் லாரியை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பொண்ணு எதுக்குக் கெணத்தடிக்குப் போனா? மொதல்லேருந்து போடுங்க சார்."