விழப்போகும் சுவர்

“வாடி வெளிய! செவுரு தலைமேல வுழுந்தாத்தான் வருவியா?”

சுகுணா தன் மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அங்கன்வாடி வாசலைத் தாண்டினாள். குழந்தையின் கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. அதைப் பிடுங்கி உள்ளே வீசினாள். “முட்டைம்மா... முட்டை...” என்று குழந்தை கத்தியது.

அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுத் தாய்மார்கள், ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே பாஞ்சாலி கரண்டியோடு நின்றாள். டீச்சர் தருமபுரிக்கு மீட்டிங் போயிருந்தார். சமையல் உதவியாளர் வேலைக்குப் பாஞ்சாலி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

என்ஜினீயர் நவநீதன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில், வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பள்ளிக்கூடம் அது. பெரிய பிள்ளைகளெல்லாம் ரோட்டோரத்துப் புதுப் பள்ளிக்குப் போய்விட, அங்கன்வாடிப் பிள்ளைகள் மட்டும் மிச்சம். இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு சொல்லத்தான் அவர் வந்திருந்தார். ஊரே எதிரில் புளியமரத்தடியில் கூடியிருந்தது.

போன வாரம் வந்தபோது, சுவர் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார். சுவர் நூலளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையவில்லை. இன்று காலை அவர் வந்தபோது அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கொண்டுவந்து விட்டுப்போனதும் இதே தாய்மார்கள்தான்.

“இது மேல்பூச்சுல வந்த விரிசலுங்க. செவுரு இன்னும் நூறு வருஷம் நிக்கும். வேணும்னா நான் எழுதியே தரேன்.”

“எழுதிக் குடுத்தா போன உசுரு வருங்களா?” சுகுணாவின் மாமனார் பச்சியப்பன் கேட்டார். வார்டு மெம்பர். “இது எங்க தாத்தா படிச்ச பள்ளிக்கூடமுங்க. எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா கல்லு பெருசா, கொழந்த பெருசா, நீங்களே சொல்லுங்க.”

ஊருக்கே குழந்தைகள் மேல் அப்படி ஒரு பாசம். நவநீதன் வேறு வழி தேடினார்.

“பக்கத்து ரூமுக்கு மாத்திடலாமா?”

“அங்கயும் பயமாத்தான் இருக்குதுங்க.”

“சரி, சாப்பாட்டையாவது இந்த மரத்தடியில போடச் சொல்லட்டுமா?”

தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “வெயிலுங்க சார்” என்றாள் சுகுணா, புளியமரத்து நிழலில் நின்றுகொண்டு. சட்டென்று அவள் குரல் உடைந்தது. “உங்க புள்ளையா இருந்தா இதுக்குள்ள வுடுவீங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.”

அவருக்கும் மூன்று வயதில் ஒரு பெண் இருந்தாள். நெஞ்சைத் தொட அவருக்குத் தைரியமில்லை. கூட்டத்தைவிட்டுத் தள்ளி, வாசற்படி ஓரமாக வந்து நின்ற பாஞ்சாலியைப் பார்த்தார்.

“உள்ளயே இருக்கறவங்க நீங்க. நீங்க சொல்லுங்கம்மா. என்ன பண்ணலாம்?”

பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். “இடிச்சுடுங்க சார். தெனமும் ஆக்கறேன், ஆக்குனது அப்படியே கெடக்குது. புள்ளைங்க பசியோட அழுதுகிட்டே போவுதுங்க. செவுருதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க...” கரண்டியை முந்தானையில் துடைத்தாள். “காரணம் செவுராவே இருந்துட்டாப் போதுங்க சார். புதுக் கட்டடத்துலயாச்சும் குந்தி ஒரு வாய் தின்னட்டும்.”

அவளும் பயந்துபோயிருக்கிறாள் என்று நவநீதன் எடுத்துக்கொண்டார். கிட்டே போய் வாசல் கருங்கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார். இத்தனை நல்ல கட்டடத்தைக் கொல்கிறோமே என்று அவருக்கு அழுகையே வந்தது.

“சரிங்க. இடிக்கச் சொல்லியே எழுதிடறேன். அடுத்த மாசம் ஜேசிபி வந்துடும்.”

ஊர் கைதட்டியது. சுகுணா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பச்சியப்பனே ஓர் இளநீரைச் சீவிக்கொண்டுவந்து என்ஜினீயர் கையில் கொடுத்தார். “தெய்வமாட்டம் வந்தீங்க சார்” என்றார்.

இளநீர் உள்ளே போனதும் நவநீதனுக்கும் மனம் கொஞ்சம் லேசானது. “கவலையே படாதீங்க. ஃபேன், டைல்ஸ் எல்லாம் போட்டுப் புதுசா கட்டிடலாம். அதுவரைக்கும் ஊர் லைப்ரரி ரூம்ல நடக்கட்டும். செவுரு மட்டுந்தான் மாறும். டீச்சர் அவங்களேதான். சமையலுக்கும் நம்ம பாஞ்சாலியேதான்.”

பாஞ்சாலி அன்றைக்கு முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

கைதட்டல் நின்றுபோனது. யாரோ இருமினார்கள். சுகுணா மாமனாரைப் பார்த்தாள். பச்சியப்பன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

“அங்கயும் அந்தக் காலனிப் பொம்பளயேதான் சோறாக்கும்னா, அப்புறம் இத எதுக்குங்க சார் இடிக்கறது?”