மாப்பிள்ளை பார்க்கும் சனிக்கிழமைகள்

"இண்டைக்கெண்டாலும் ஒரு முடிவைச் சொல்லிப்போட்டுப் போங்கோ," என்று கார்த் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு வாசலை மறித்து நின்றாள் விமலாதேவி.

காது மூடியைக் கழுத்தில் மாட்டியிருந்த அவள் கணவர் சச்சிதானந்தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சிட்னியில் அவர்கள் இருந்த டூங்கபியிலிருந்து துப்பாக்கி கிளப்புக்கு நல்ல தூரம். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"அவசரப்படாதையும் விமலா. ஒரு பெடியனை முழுசாப் பாக்காமல் ஓம் எண்டு சொல்லேலாது."

விவகாரம் போன தீபாவளிக்குப் பிறகு தொடங்கியது. மெல்பேர்ணில் வேலை பார்க்கும் மகள் ராகவி, கபிலன் என்றொரு பையனை விரும்புவதாகச் சொன்னாள். சிட்னிப் பையன், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, குடும்பமும் நல்ல குடும்பம். ஆனால் சனிக்கிழமைகளில் கைத்துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவன் என்று கேட்டதும் விமலாதேவிக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவள் அவள். இங்கே புதுவருடத்துக்கு வாணம் விட்டால்கூட யன்னல்களைச் சாத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் இருந்துகொள்வாள்.

சச்சிதானந்தன்தான் ஒரு வழி சொன்னார். புதிதாகப் பழக வந்தவர் போல அவரும் அதே கிளப்பில் சேர்ந்து, பையனின் குணத்தை நேரில் பார்த்துவிட்டு வருவாராம். கிளப்பின் துவக்கு கிளப்பிலேயே இருக்கும், வீட்டு வாசலை மிதிக்காது என்று சத்தியமும் பண்ணினார். முடிவு தெரிந்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அவள் சம்மதித்தாள். பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார். தான் முடிவு சொல்லும்வரை ராகவியிடம் கபிலனைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் பையன் உஷாராகி நடிக்கத் தொடங்கிவிடுவான்.

பார்க்கப் போனவரை அங்கே சும்மா பார்க்க விடவில்லை. சுடாத நேரத்தில் விரல் விசையில் படக்கூடாது, எந்தப் பக்கம் ஓடினாலும் குழல் இலக்குகளை விட்டுத் திரும்பக்கூடாது என்று, குண்டில்லாத துவக்கைக் கையில் கொடுத்து வாரக்கணக்காக நடக்கவிட்டார்கள். அதன் பிறகுதான் அட்டை இலக்குகளைச் சுடவே விட்டார்கள். வேகத்துக்கும் புள்ளி, குறிக்கும் புள்ளி. ஆனால் பாதுகாப்பில் ஒருதரம் பிசகினால் அன்றைக்கு மூட்டை கட்டவேண்டியதுதான்.

இந்தப் பாடமெல்லாம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று கொடியில் காயும் உடுப்பு முழுவதையும் நனைக்கிற மனிதர், இப்போது தண்ணீர்க் குழாயின் பிடியில் சுட்டுவிரலை நீட்டி வைத்துக்கொண்டு கன்றுக்குக் கன்று பக்கவாட்டாக நகர்ந்தார். அவளைக் கண்டால் உடனே குழாயை நிலத்தைப் பார்த்துப் பிடித்தார். காரோட்டும்போது மற்றவர்களைத் திட்டுவதும் நின்றுபோயிற்று. அது மட்டும் விமலாதேவிக்குப் பிடித்திருந்தது.

போன மாதம் வீடு திரும்பியவர், அன்று நடந்ததைச் சொல்லாமல் சாப்பிட உட்காரவில்லை. கபிலன் முதலிடத்தில் இருந்தானாம். கடைசி ஓட்டத்தில் இடது பக்கம் திரும்பும்போது குழல் கொஞ்சம் பின்னால் வந்துவிட்டது. நடுவர் அந்த இடத்திலேயே நிறுத்தி வெளியேற்றிவிட்டார். பையன் மறுபேச்சுப் பேசவில்லை. துவக்கை வெறுமையாக்கிக் காட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, நடுவருக்கு நன்றி சொன்னானாம். பிறகு பொழுதுபடும்வரை நின்று மற்றவர்கள் சுட்ட அட்டைகளுக்கு ஓட்டை அடைத்துக் கொடுத்தானாம்.

அன்றிரவு விமலாதேவி பையனைப் பற்றி முதல்தடவையாகப் பயமில்லாமல் நினைத்தாள். கோயிலில் கண்ட சிநேகிதி சிவாஜினியிடம் கலியாண மண்டபம் ஒன்றைப் பற்றியும் மெல்ல விசாரித்து வைத்தாள்.

"பிழை விட்டிட்டு இப்பிடி நடக்கிற பெடியன் எங்க கிடைப்பான்? அதுக்கு மேல என்னத்தைப் பாக்கப்போறியள்?" என்று இப்போது வாசலில் நின்று கேட்டாள்.

"தோத்தால் எப்பிடி எண்டு பாத்தாச்சு. வெண்டால் எப்பிடி எண்டும் பாக்கவேணும். அடுத்த மாசம் பிரிஸ்பேனில ஒரு போட்டி இருக்கு."

திறப்பை அவளது கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டு, "போட்டு வாறன்," என்று புறப்பட்டுவிட்டார்.

விமலாதேவி குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்தாள். இந்த மனிதர் இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு நரை விழுந்துவிடும். இருந்த பயத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு, கொடுத்த வாக்கை மீறி, மகளுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை, அப்பாவை விடு. அவர் இப்போதைக்கு முடிவு சொல்லமாட்டார். எனக்குச் சம்மதம். நீ கபிலனையே கட்டு."

"வாட்? அம்மா, நானும் கபிலனும் தைப்பொங்கலோடயே பிரேக் அப். கவலையிலதான் நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையாக்கும் எண்டு நானும் பேசாமல் இருந்தனான்."

விமலாதேவி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உதை ஏன் பிள்ளை அப்பாவிட்டயாவது சொல்லேல்லை?"

"அண்டைக்கே சொன்னனானே. 'அம்மாவிட்ட நான் பக்குவமாச் சொல்லுறன், நீ மட்டும் வாயைத் திறந்திடாதை' எண்டு அப்பாதான் சொன்னவர்."