நடு அளவு நண்டுகள்

டப்பாவில் ஏழு நண்டுகள் இருந்தன.

ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தாள். ஓட்டின் அகலத்தை அளந்தாள். பதின்மூன்று மில்லிமீட்டர். பதினைந்து. பதினாறு. பத்தொன்பது.

நாலாவதை அளந்ததும் வெர்னியர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டாள்.

மேசையின் இடது ஓரத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டிய சின்ன ஜாடி. உள்ளே ஒரே ஒரு நண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. ஓட்டின் இரு பக்கமும் ஒன்பது ஒன்பது முள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய பேராசிரியர் இதை உலகத்துக்கே புதிய இனம் என்று எழுதினார். பிடித்துக் கொடுத்த சங்குகுளிக்காரரின் பெயரையே இனத்துக்கு வைத்தார். வியாகுலமி.

வலது ஓரத்தில் பெரிய ஜாடி. அதில் சாதாரணப் பாறை நண்டு. முள் கிடையாது. ஓடு வழவழவென்று இருக்கும். குழம்புக்குக்கூட ஆகாது.

இரண்டும் ஒன்றுதானோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. குட்டியில் முள். வளர்ந்து ஓடு கழற்றக் கழற்ற முள் தேய்ந்து போகிறது.

ஒன்று என்று ஆகிவிட்டால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். பாறை நண்டுக்குப் பெயர் வைத்து நூற்றைம்பது வருடமாகிறது. வியாகுலமி செல்லாது.

ஆனால் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் ஒரு நண்டுகூட ஆய்வகத்தில் இல்லை. நடு அளவு இல்லாதவரை சந்தேகம் வெறும் சந்தேகம்தான். பேராசிரியரும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு மாதமாக அவள் மேசைப் பக்கமே வரவில்லை.

அந்த நடு அளவு கிடைக்கவே கூடாது என்று அவள் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி செய்கிறவள் வேண்டுகிற வேண்டுதலா இது? ஆனாலும் வேண்டினாள்.

அதற்குக் காரணமானவர் ஜன்னலோரம் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

நண்டு வியாகுலம். ஊரில் அப்படிச் சொன்னால்தான் யாருக்கும் தெரியும். அந்தக் கட்டுரையின் முதல் பக்கம் லேமினேட் செய்யப்பட்டு அவர் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளைக் காட்டும் முன் அதைக் காட்டினாராம். ஆராய்ச்சிக்காக இவள் முதன்முதலாகப் படகில் ஏறி வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

ஆய்வகத்துக்கு வந்தால் சிவப்புச் சீட்டு ஜாடியை ஒரு தடவை கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். அப்புறம்தான் டீ.

இன்று ஜாடியை எடுக்கவில்லை. நேரே டீக்குப் போய்விட்டார்.

அவள் அவரிடம் கேட்டது இவ்வளவுதான்: பாறை நண்டு எல்லா அளவிலும் வேண்டும். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

மீதி மூன்றையும் அளந்தாள். பதினான்கு. பதினேழு. இருபத்தொன்று.

வரிசைப்படுத்தினாள்.

முதலாவதில் கூரான முள். அடுத்ததில் முனை மழுங்கியிருந்தது. நடுவில் இருந்தவற்றில் வெறும் மேடு. கடைசியில் விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படும் ஒரு தடம்.

சின்ன ஜாடியிலிருந்து பெரிய ஜாடிவரை படிக்கட்டு கட்டியது போல இருந்தது. ஒரு படிகூடக் குறையவில்லை.

இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வேட்டில் இதைவிட நல்ல அத்தியாயம் அவளுக்கு அமையப் போவதில்லை. அதுவும் தெரிந்தது. அதனால் இன்னும் வெட்கமாக இருந்தது.

ஏழையும் ஒரு ஜாடியில் போட்டு ஆல்கஹால் ஊற்றினாள். உள்ளே போட ஒரு துண்டுத்தாள் வெட்டினாள். எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி, யார் பிடித்தது என்று எழுதிப் போட வேண்டும். சீட்டு இல்லாத நண்டு வெறும் நண்டு. எதற்கும் சாட்சி ஆகாது.

பென்சில் எதிரே கிடந்தது.

அவள் பேனாவை எடுத்தாள்.

இங்கே சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: பேனா மை ஆல்கஹாலில் கரையும். ஒரு மாதத்தில் சீட்டு வெள்ளைத்தாளாகிவிடும். அவசரத்தில் மறந்துவிட்டேன் என்றால் யாரும் நம்புவார்கள். பேராசிரியர் கட்டாயம் நம்புவார். மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாள் இருந்தபடி இருக்கும்.

"எந்த இடம் அண்ணாச்சி? ஆழம்?"

"மூணாம் பாருக்குத் தெக்க. எட்டுப் பாகம்."

கடலடிப் பாறைத்திட்டின் பெயரை எழுதத் தொடங்கினாள்.

அவர் டீ கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். ஏழு நண்டுகளைப் பார்த்தார். சிவப்புச் சீட்டு ஜாடியைப் பார்த்தார். அப்புறம் அவள் கையிலிருந்த பேனாவை.

பென்சிலை எடுத்து அவள் முன் நீட்டினார்.

"பேனான்னா அழிஞ்சு போயிரும்மா. இந்த நடு சைசு கெடைக்கதுக்கு எட்டு நாளு முங்கியிருக்கேன். பென்சில்ல எழுதுங்க."

நடு அளவு என்று அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

புதிதாக ஒரு துண்டுத்தாள் வெட்டினாள்.